குலவை தாங்கும் பெட்டி

குலவைக்கு ஸ்பீக்கர் செத்துப்போகும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எங்கள் பக்கம் வந்து ஒரு முளைப்பாரித் திருவிழாவைப் பார்த்தால் நம்புவார்கள். முளைவிட்ட பயிர்ச் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் ஊருணிக்குப் புறப்படும்போது, நாக்கை இரண்டு பக்கமும் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்புவார்கள். அதுதான் குலவை. சும்மா விட்டாலே அடுத்த ஊர் வயல் வரைக்கும் கேட்கும். அதை மைக்குக்கு முன்னால் விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் சித்தப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

நயினார்கோவிலிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவுக்கும் சித்தப்பாவுக்கும் நெல்லும் மிளகாயும்தான் பிழைப்பு. சித்தப்பாவுக்கு மட்டும் கூடுதலாக மைக் செட் கிறுக்கு. கல்யாணம் ஆகாதவர், கிறுக்குக்கு வேண்டிய நேரம் கையில் இருந்தது. திருப்பாலைக்குடியில் ஒருவர் செட்டுத் தொழிலை விட்டுவிட்டு வலைக்கே திரும்பியபோது, அவரிடமிருந்து இரண்டு பழைய பெட்டிகளை வாங்கி மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொன்றும் அன்றைய என் உயரம். கீழே பெரிய ஸ்பீக்கர், மேலே உள்ளங்கை அகலத்தில் ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கர். வெகு நாள் வரைக்கும் பாட்டோடு கருவாட்டு வாசமும் சேர்ந்து வந்தது என்று அம்மா சொல்வாள். இன்றைக்கும் சொல்கிறாள்.

அந்தப் பெட்டிகளுக்கு முதல் திருவிழாவே கண்டமாகிவிட்டது. பெண்கள் மைக்கைச் சுற்றி நின்று குலவை போட்டதும் ட்வீட்டர் இரண்டும் கருகிவிட்டன. அதற்கப்புறம் வந்த பாட்டெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்டது. இளவட்டங்கள் விடுவார்களா? "ஏலே, ஒம் பெட்டிக்குக் குலவைன்னா பயமாலே?" என்று சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். ஊர்த்தலைவர் கேலி செய்யவில்லை. எங்களுக்கு மாமா முறை அவர். நிதானமாகச் சொல்லிவிட்டார். "மாப்ள, அடுத்த வருசமும் இப்படின்னா பரமக்குடில இருந்து செட்டு எறக்கிருவோம். கோவிச்சுக்கக் கூடாது." சித்தப்பாவுக்கு அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொந்த ஊர்த் திருவிழாவில் வெளியூர் செட்டுப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட அவருக்குப் பெரிய அவமானம் உலகத்தில் இல்லை.

குற்றம் ட்வீட்டரில் இல்லை, கிராஸ்ஓவரில் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். கிராஸ்ஓவர் என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பலகை. வருகிற சத்தத்தைப் பிரித்து, தடித்ததைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லியதை ட்வீட்டருக்கும் அனுப்புவது அதன் வேலை. அய்யாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. "மடையில தண்ணி பிரிச்சு விடுறதுதானலே" என்றார். அதேதான். யாரோ ஒரு புண்ணியவான், வீட்டுக்குள் உட்கார்ந்து மெல்லிசை கேட்பதற்காகப் போட்ட மடை அது. எங்கள் ஊர்க் குலவை முழுவதையும் கொண்டுபோய் அந்தச் சின்ன ட்வீட்டர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. போதாததற்குக் கடல் காற்றில் கம்பியெல்லாம் பச்சை பூத்து, கன்டன்சர் உப்பிப்போய்க் கிடந்தது.

மாட்டுக்கொட்டத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்தார். பழைய கன்டன்சரைப் பிடுங்கிவிட்டுச் சின்னதாக ஒன்றைப் பற்றவைத்தார். பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் செம்புக் கம்பிச் சுருளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுகளைக் கழற்றினார். சுற்றுக் குறையக் குறைய, குலவையில் பெரும்பங்கைப் பெரிய ஸ்பீக்கரே வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. கழற்றிய கம்பியெல்லாம் எனக்கு. மோதிரம், கொலுசு என்று பண்ணிப் போட்டுக்கொண்டு அலைந்தேன். ட்வீட்டருக்குப் போகும் வழியில், டிராக்டர் பின்விளக்கிலிருந்து கழற்றிய குட்டி பல்பு ஒன்றையும் சேர்த்தார். சத்தம் மிஞ்சினால் பல்பு எரிந்து அதிகப்படியைத் தான் வாங்கிக்கொள்ளும், ட்வீட்டர் பிழைத்துக்கொள்ளும். பெட்டியின் ஓட்டை வழியாக அந்த பல்பைப் பார்ப்பதற்குத்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன்.

சோதித்துப் பார்க்கக் குலவை வேண்டும். முதலில் அம்மாவைக் கேட்டார். அம்மா வாயைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் நிற்கவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். கொட்டத்தில் நின்ற கன்றுக்குட்டி மட்டும் பதில் சொன்னது. சித்தப்பா அடுப்படிப் பக்கம் திரும்பி, "யக்கா, கொஞ்சம் இங்கன வா" என்று கூப்பிட்டார்.

அத்தையை இங்கே சொல்ல வேண்டும். அய்யாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கடலாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்கு முன்னால் ஊரில் குலவை என்றால் அத்தைதான். அவள் ஆரம்பிக்காமல் முளைப்பாரி வாசலைத் தாண்டியதில்லை என்பார்கள். வந்த பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவள் முன்னால் வருவதில்லை. வராதே என்று ஒருவரும் சொன்னதில்லை. வா என்றும் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், எங்கே போனாலும் அத்தை வீட்டைப் பார்த்துக்கொள்வாள், அதனால் எங்கள் வீட்டுக்குப் பூட்டே தேவையில்லை என்பதுதான். அவளை எனக்கு அம்மாவைவிடக் கொஞ்சம் கூடவே பிடிக்கும். என் தலையை இழுக்காமல் பின்னிவிடத் தெரிந்த ஒரே ஆள்.

"என்னயவா கேக்குற? ஒனக்கு மூளை கீளை இருக்காலே?" என்றாள் அத்தை.

"இது திருவிழாவாக்கா? டெஸ்டிங்கு. யார் போடுறான்னு பெட்டிக்குத் தெரியுமா? ஒன் குலவையத் தாங்கிட்டா எவ குலவையையும் தாங்கிரும்."

அத்தை அய்யாவைப் பார்த்தாள். அய்யா யாரையும் பார்க்காமல், "மாட்டுக்கு வைக்கல் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வைக்கோல் போர்ப் பக்கம் போய்விட்டார். மாட்டுக்கு முன்னால் ஏற்கெனவே வைக்கோல் கிடந்தது.

நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் மைக்கை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. கொட்டத்தில் பெட்டியைக் குறைந்த சத்தத்தில் வைத்துவிட்டு நானும் சித்தப்பாவும் காத்திருந்தோம். முதலில் ஒரு இருமல் வந்தது. அப்புறம் வந்தது குலவை. அவ்வளவு சன்னமாக வைத்தும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஓட்டைக்குள்ளே பல்பு சிவந்து, மஞ்சளாகி, திரும்பவும் சிவந்து அணைந்தது. சித்தப்பா பல்பைப் பார்க்கவே இல்லை. "இன்னும் சரியா வரல. நாளைக்கு இன்னும் ரெண்டு சுத்துக் கழட்டிப் பாப்போம்" என்றார்.

அப்படித் தினமும் சாயங்காலம் நடந்தது. நாளாக நாளாகக் கம்பி வரத்து குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் அடியோடு நின்றுபோனது. ஆனால் டெஸ்டிங் நிற்கவில்லை. சித்தப்பா பலகையைத் தொடக்கூட மாட்டார், கேட்டால் "இன்னும் வரல" என்பார். அத்தை இருட்டுவதற்குள் உலை வைத்துவிட்டு, முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, "இன்னைக்கு டெஸ்டிங்கு உண்டாலே?" என்று தானே வந்து கேட்க ஆரம்பித்தாள். வேலை தெரியாத மனிதரிடம் ஊர்த் திருவிழா மாட்டிக்கொண்டதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "ஒங்க சித்தப்பா நல்லாப் பாத்துத்தான் செய்வாரு. நீ சும்மா கெட" என்றாள்.

திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் பெட்டிகளைக் கொண்டுபோய் அம்மன் கோயில் வாசலில் கட்டினார்கள். கோயில் தெருக்கோடியில் இருந்தது. அங்கே பூட்டு சரியில்லை என்று ஆம்ப்ளிஃபயரை மட்டும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, தெரு நெடுக ஒயர் இழுத்தார் சித்தப்பா. மதியம் ஊருக்கே கேட்கும்படி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்திப் பார்த்தார். பிறகு, தெருப் பையன்கள் கை வைப்பார்கள் என்று ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் முனையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டார்.

அன்று சாயங்காலமும் அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பெட்டிகள் வீட்டை விட்டுப் போனதை அவளும்தான் பார்த்திருந்தாள். ஆனாலும் ஒன்றும் கேட்காமல் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்தப்பா ஆம்ப்ளிஃபயரைப் போட்டார், சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒயர் தரையில் கிடந்தது.

"சித்தப்பா, ஒயர் மாட்டல."

"தெரியும்த்தா. நீ போயி வெளாடு" என்று சொல்லிவிட்டு அவர் கொல்லைக்குக் கை கழுவப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியும் என்பதை நான் நம்பவில்லை. தெரிந்த ஆளாக இருந்தால் மாட்டியிருப்பார் இல்லையா? மறந்ததை மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். டெஸ்டர் பக்கத்திலேயே கிடந்தது. இரண்டு திருகாணி, இரண்டு முனை, பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதான். மாட்டி முறுக்கி முடிக்கவும் அத்தை ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

மதியம் வைத்த சத்தம் குறைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அத்தையின் குலவை கோயில் வாசலில் கிளம்பி, ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டிப் போனது. டீக்கடையில் இருந்த பூசாரி, அம்மனே குலவை போட்டுவிட்டாள் என்று ஓடிவந்து சாத்திய கதவுக்கு முன்னால் சூடம் ஏற்றினார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு குலவை காதில் விழுந்தால் பதில் குலவை போடாமல் அவர்களால் இருக்க முடியாது. ஏன், எதற்கு என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். மேலத்தெருவில் ஒருத்தி போட்டாள். கீழத்தெருவில் நாலு பேர் சேர்ந்து போட்டார்கள். வாசல் வாசலாகக் கரண்டியும் ஈரக்கையுமாக நின்றுகொண்டு ஊரே குலவை போட்டது. முளைப்பாரியை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்று சிலர் பட்டுச்சேலையைத் தேடி வீட்டுக்குள் ஓடினார்களாம்.

சித்தப்பா ஈரக் கையோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த டெஸ்டரைப் பார்த்தார். சுவிட்சை அணைக்கக் கையை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். குலவை முழுதாக முடியும் வரை அப்படியே நின்றார்.

உள்ளறைக் கதவு திறந்தது. வெளியே கேட்ட பதில் குலவைகள் அத்தைக்கும் கேட்டுவிட்டன. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். "என்னடா பண்ணிட்ட, என்னடா பண்ணிட்ட" என்று சித்தப்பாவைக் கேட்டாள். பண்ணியது நான்தான் என்று பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அதற்குள் தலைவர் வந்துவிட்டார். பின்னால் பத்துப் பேர். "யாரு மாப்ள குலவை போட்டது?" என்று கேட்டார். அந்தக் குரல் யாருடையது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மறக்கக்கூடிய குரலா அது? ஆனாலும் கேட்டார். கேட்க வேண்டிய இடத்தில் இருந்தார்.

"கேசட்டு மாமா" என்றார் சித்தப்பா. "டெஸ்டிங்குக்காகப் போட்டேன். எங்கண்ணன் கல்யாணத்துல புடிச்சது. அப்ப எங்கக்கா…"

எங்கள் அய்யா பொய் சொல்லத் தெரியாதவர். மிளகாய் வியாபாரியிடம்கூட மூட்டையில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று தானாகச் சொல்லிவிடுவார். அவர் முன்னால் வந்து, "ஆமா. எங் கல்யாணத்துல புடிச்சதுதான்" என்றார்.

"எனக்கு அன்னைக்கே காது அடைச்சுப்போச்சு" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

தலைவர் சுவரோரம் நின்ற அத்தையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேசட்டுன்னா சரிதான். கேசட்டுல என்ன இருக்கு. அப்ப திருவிழாவுக்கும் அதையே போட்டு ஆரம்பிச்சிரு மாப்ள. இப்பவுள்ள புள்ளைகளுக்கு எங்க இப்படி வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். கேசட்டுக்குப் பொட்டு உண்டா, பூ உண்டா என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கேசட் வேண்டுமே! இல்லாத கேசட்டை மறுநாள் மத்தியானம் உள்ளறையில் வைத்துச் செய்தோம். அத்தை முதலில் மாட்டவே மாட்டேன் என்றாள். "தலைவரே சொல்லிட்டாரு மதினி, மாட்டேன்னா அவருக்கு மரியாதக் கொறவு" என்று அம்மா ஒரு போடு போட்டாள். குலவை மட்டும் இருந்தால் கல்யாணக் கேசட் என்று யார் நம்புவார்கள் என்று அய்யாவுக்குச் சந்தேகம் வந்தது. பொய்யையும் அவர் ஒழுங்காகத்தான் செய்வார். அதனால் அம்மா அண்டா குண்டானை உருட்டினாள். அய்யா, "ஏப்பா, பந்திக்கு எலை போடுங்கப்பா" என்று தன் கல்யாணத்துக்குத் தானே ஆள் ஏவினார். நான் குழந்தை மாதிரி அழுதேன். ஆக, என் அய்யா அம்மா கல்யாணத்தில் என் குரலும் பதிவாகியிருக்கிறது, வெளியே சொல்ல முடியாது. அத்தைக்குச் சிரிப்பு வந்து இரண்டு தடவை கெட்டுப்போனது. அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

திருவிழா அன்று செட்டு முழுவதும் கோயிலுக்குப் போய்விட்டது. வெயில் தாழ்ந்ததும் பெண்கள் முளைப்பாரியைத் தலையில் தூக்கினார்கள், சித்தப்பா கேசட்டைப் போட்டார். குண்டான் உருண்டது, அய்யா இலை போடச் சொன்னார், நான் அழுதேன். அப்புறம் அத்தையின் குலவை எழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பெண்களும் மைக்கைச் சூழ்ந்து பதில் போட்டார்கள். நான் பெட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பல்பு எரிந்து எரிந்து அணைந்தது. ட்வீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, "தாங்கிருச்சே மாப்ள" என்றார். பரமக்குடி செட்டு என்ற பேச்சு அதோடு போனது. சித்தப்பா குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை எல்லா வருடமும் போல வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டாள். சூடம் எடுத்து வரச் சொல்லி அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். அத்தை கொல்லையில் கோயில் பக்கம் பார்த்து நின்றாள். கழுத்தெல்லாம் நனைகிற அளவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"காது வலிக்குதா அத்தை? சத்தம் ரொம்பக் கூரா இருக்கா?"

அத்தை என் தலையைத் தடவி, "ஆமாத்தா, கூராத்தான் இருக்கு" என்றாள்.

சூடத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே சித்தப்பாவிடம் ஓடினேன். அத்தை கொல்லையில் நின்று அழுகிறாள், சத்தம் காதைக் குத்துகிறதாம், கூர்ச்சத்தத்துக்கான ட்ரெபிளைக் குறையுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கேசட்டைப் பின்னுக்குச் சுற்றினார். மறுபடியும் குலவையிலிருந்து போட்டுவிட்டு, ட்ரெபிள் குமிழில் கை வைத்தார். குறைக்கவில்லை. கடைசி வரைக்கும் கூட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அந்தப் பக்கம் இல்ல சித்தப்பா, இந்தப் பக்கம்" என்று கத்தினேன். இத்தனை நாள் செட்டு வைத்திருக்கிற மனிதருக்கு எந்தப் பக்கம் திருகினால் சத்தம் குறையும் என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.